கழுதைமேடு என்பவரும் ஒருவரே

ஓர் ஊரின் பெயர் மாறினால், அரசிதழில் வெளியான நாள் முதல் புதுப் பெயர் செல்லும். பழைய பெயரில் வாங்கிய சான்றுகளும் செல்லும். விதி இவ்வளவுதான். எங்கள் தாலுகா அலுவலகத்தில் இதைப் படித்தவர்கள் இருவர். இன்னொருவர் மாறுதலாகிப் போயிருந்தார்.

தாமிரபரணி வடகரையில் கழுதைமேடு என்று ஓர் ஊர். பெயரைக் கேட்டதும் பெண் பார்க்க வருகிறவர்கள் சிரிக்கிறார்கள் என்று மனுப்போட்டு, கோயில் கல்வெட்டில் கிடந்த சுந்தரபாண்டியநல்லூர் என்ற பெயரைத் திரும்ப வாங்கினார்கள். பஸ் கண்டக்டர் மட்டும், "கழுதமேடுல்லாம் எறங்கு" என்பதை விடவில்லை.

அந்த ஊர்ப் பேச்சியம்மாளுக்கு அரசு மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்தது. பிறப்புச் சான்றில் பழைய பெயர், மற்றதிலெல்லாம் புதுப் பெயர். இரண்டும் ஒரே ஊர் என்று சான்று கேட்டார்கள். மேலிடத்துக்கு எழுதினேன். குறிப்பாணை வந்தது: "இரு ஊர்களுக்கும் இடைப்பட்ட தூரம் என்ன? மனுதாரர் குடிபெயர்ந்தது எப்போது? வரைபடத்துடன் அறிக்கை அனுப்புக."

தாளில் ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் இரண்டு பெயரையும் எழுதி, தூரம் இல்லை என்று அனுப்பினேன். அதற்குப் பதில் இல்லை. திங்கட்கிழமைக்குள் சேராவிட்டால் வேலை அடுத்தவருக்கு. வெள்ளிக்கிழமை பேச்சியம்மாள் என் மேசை முன் அழுதார்.

"நான் எங்கயும் போகல ஸார். இங்கனயேதான் இருக்கேன். ஊருதான் பேர மாத்திட்டு."

ஊருக்குப் படிவம் கிடையாது. ஆனால் வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம் என்பதால், 'இருவரும் ஒருவரே' சான்றுப் படிவம் கட்டுக்கட்டாக இருந்தது. ஒன்றை எடுத்து, கழுதைமேடு என்பவரும் சுந்தரபாண்டியநல்லூர் என்பவரும் ஒரே நபரே என்று நிரப்பினேன். மேற்படி நபரை எவ்வளவு காலமாகத் தெரியும் என்ற இடத்தில் அந்த ஊர் டீக்கடை அண்ணாச்சி சாட்சி எழுதினார்: "பிறந்ததிலிருந்து. என்னைவிட மூத்தவர்."

தாசில்தார் கண்ணாடியைக் கழற்றினார். "என்னவே, ஊரப் போயி நபருன்னு எழுதியிருக்கீரு? யாராவது கேட்டா?"

"கேக்கணும்னா இதப் படிக்கணும்லா ஸார்."

கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை பேச்சியம்மாள் வேலையில் சேர்ந்தார். மருத்துவமனையிலும் யாரும் படிக்கவில்லை.

புதிதாகப் பணியில் சேர்ந்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: படிவம் இல்லை என்று மனுவைத் திருப்பாதீர்கள். பக்கத்துக் கட்டையும் பிரித்துப் பாருங்கள்.

பல வருஷம் கழித்து, என் பணி நிறைவு விழாவின் நடுவில் தபால் வந்தது. "தூரம் இல்லை என்பது ஏற்கப்படுகிறது. மனுதாரர் உடனே பணியில் சேரலாம்." எனக்கு மாலை போட வந்திருந்த தலைமை நர்ஸ் பேச்சியம்மாள் அதை வாங்கி இரண்டு முறை படித்தார்.

"சேந்துரட்டுமா ஸார்?"

பதில் வந்து சேர்ந்த நாள்: மே முப்பத்தொன்று, பிற்பகல்.