ஆயுத பூஜை முடிந்து கம்ப்யூட்டர் கேட்ட கேள்வி

பூஜை விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்த காலையில், என் மானிட்டரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. அதற்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி திறந்து பாஸ்ஃப்ரேஸ் கேட்டது. எனக்கு அது தெரியவில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்காக விவரமாகவே எழுதுகிறேன். தூத்துக்குடி துறைமுக ரோட்டில், ஏற்றுமதிச் சரக்குக்குப் பேப்பர் வேலை செய்து கொடுக்கும் சிறிய ஆபீஸ் எங்களுடையது. முதலாளி அண்ணாச்சி, அக்கவுண்ட்ஸ் பார்க்கும் ரோஸ்லின் அக்கா, டாக்குமெண்டேஷன் பார்க்கும் நான். ஜெர்மனிக்கு அவுரி இலை வாங்கும் ஒரு பையர்தான் எங்களுடைய பெரிய பார்ட்டி. அவருடைய இன்னொரு சப்ளையர் பெயரில் எவனோ போலி மெயில் அனுப்பி, வங்கிக் கணக்கை மாற்றப் பார்த்திருக்கிறான். அன்றிலிருந்து எல்லா மெயிலும் என்கிரிப்ட் செய்து, அதாவது பூட்டித்தான் வர வேண்டும், போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எங்கள் வீட்டுக் கதவுக்குக் கொண்டிதான் உண்டு, பூட்டு கிடையாது. அப்படிப்பட்டவன் கையில் சாவியைக் கொடுத்தால் என்ன ஆகும்? தலை கனத்துவிட்டது.

சாவி இரண்டு. பப்ளிக் கீயை யாருக்கும் கொடுக்கலாம். அதைக் கொண்டு நமக்கு வரும் மெயிலைப் பூட்டத்தான் முடியும். திறப்பது பிரைவேட் கீ. அந்த பிரைவேட் கீயையே பூட்டி வைப்பது பாஸ்ஃப்ரேஸ் என்னும் நீளமான பாஸ்வேர்டு. நான் ஒரு நீளமான வாக்கியத்தை எடுத்து, நடுநடுவே எண்களும் ஆச்சரியக்குறியும் செருகி, எவனாலும் கண்டுபிடிக்க முடியாதபடி ஒன்று செய்தேன். அந்த ‘எவனாலும்’ என்பதில் நானும் அடக்கம் என்று அப்போது தோன்றவில்லை.

முதல் வாரமே அதை அடித்து அடித்து விரல் வலித்தது. பாஸ்ஃப்ரேஸைச் சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும் ஏஜென்ட் என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. அந்தச் ‘சிறிது நேர’த்தை ஒரு வருடமாக மாற்றினேன். கம்ப்யூட்டரை அணைத்தால் ஏஜென்ட் மறந்துவிடும் என்பதால், ‘அணைக்காதீர்கள்’ என்று பேப்பர் எழுதி ஒட்டினேன். யுபிஎஸ்ஸும் இருந்தது. மாதக்கணக்கில் பாஸ்ஃப்ரேஸ் அடிக்கும் வேலையே வரவில்லை. பெரிய புத்திசாலித்தனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பூஜைக்கு நான் ஊருக்குப் போயிருந்தபோது, அண்ணாச்சி எல்லாவற்றையும் அணைத்துத் துடைத்துப் பொட்டு வைத்துவிட்டார்.

“பேப்பர் ஒட்டியிருந்தேனே அண்ணாச்சி!”

“பாத்தேன்ல. லாரிக்காரனே வண்டிய நிறுத்திட்டுத்தான் சாமி கும்பிடுதான். ஒன் பெட்டிக்கு மட்டும் என்ன கேடு? வருசத்துல ஒரு நாளு அதுவும் தூங்கட்டும்.”

லீவு நாளில் பையரின் மெயில் வந்திருந்தது. கன்சைனி, அதாவது சரக்கைப் பெறுபவர், பெயரில் திருத்தம் என்பது சப்ஜெக்டில் தெரிந்தது. என்ன திருத்தம் என்பது பூட்டுக்குள் இருந்தது. சாயங்காலத்துக்குள் கப்பல் கம்பெனிக்கு அந்த விவரம் கொடுக்காவிட்டால் கண்டெய்னர் ஏறாது. பார்ட்டியும் போய்விடும், என் வேலையும் போய்விடும்.

வாக்கியம் நினைவிருந்தது. எந்த எழுத்துக்குப் பதில் எந்த எண் என்பதுதான் இல்லை. ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். எட்டிப் பார்த்த ரோஸ்லின் அக்கா கேட்டார்: “என்ன தம்பி, ஆர்மோனியம் வாசிக்கிய?”

சட்டென்று நினைவு வந்தது. “பேக்கப் இருக்குக்கா!”

டிராயரிலிருந்து பென்டிரைவை எடுத்தேன். அண்ணாச்சி அதையும் விடவில்லை. செருகுகிற வாயிலேயே சந்தனம். குண்டூசியால் சுரண்டிச் செருகினால், அதிலிருந்த சாவியும் அதே பாஸ்ஃப்ரேஸைக் கேட்டது. பூட்டிய பெட்டிக்கு நான் பத்திரமாக ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்திருக்கிறேன்.

வேறு வழியில்லை. அண்ணாச்சியிடம் உள்ளதைச் சொன்னேன்.

“நீ மறந்துட்டன்னு பையர்கிட்டயே சொல்லு. இதுல வெக்கம் என்னல? கண்டெய்னர் இங்கன கெடந்தாத்தான் வெக்கம்.”

புதிய சாவி ஜோடி செய்து, அதன் பப்ளிக் கீயை பையருக்கு அனுப்பி, அந்த மெயிலை இதனால் பூட்டி மறுபடி அனுப்பச் சொன்னேன். ஜெர்மனியில் ஆபீஸ் திறக்க நமக்கு மத்தியானம் தாண்டிவிடும். பையரே போனில் வந்தார். உங்கள் பெயரில் யார் வேண்டுமானாலும் சாவி செய்யலாமே, இது உங்களுடையதுதான் என்று எப்படி நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. சாவியின் ஃபிங்கர்பிரிண்ட்டை, அதாவது நாற்பது எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளத்தை, வாசித்துக் காட்டினால் சரிபார்த்துக்கொள்வாராம். ஆனால் என் குரல் அவருக்குப் பழக்கமில்லை. அவர் ஒருமுறை இங்கே வந்தபோது திருச்செந்தூருக்குக் கூட்டிப்போன அண்ணாச்சியின் குரல்தான் தெரியும்.

அண்ணாச்சி பேப்பரை வாங்கிப் பார்த்தார். “என்னல, கண்டெய்னர் நம்பர் மாரி இருக்கு? இதுக்கா இந்த முழி முழிச்ச?” போனைக் காதில் வைத்து, யார்டுக்காரரிடம் வாசிப்பதுபோல, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சரக்குப் பேப்பர் வார்த்தை சொல்லிக் கத்த ஆரம்பித்தார். “பி ஃபார் பி.எல்.! செவன்! டி ஃபார் டெமரேஜ்! எஃப் ஃபார் ஃபிரைட்! இ ஃபார் ஏரல்!”

மறுமுனையில் அந்த மனிதர், “இ ஃபார் ஏரல்” என்று பொறுமையாகத் திருப்பிச் சொன்னார். ஏரலுக்குப் பக்கத்து வயக்காட்டுக்காரன் நான். எங்கள் பக்கத்துப் பெயர் ஜெர்மனியில் ஒலிக்க, நான் பாஸ்ஃப்ரேஸை மறக்க வேண்டியிருந்தது.

புதிய சாவியால் பூட்டிய மெயில் வந்தது. திறந்தேன். கப்பல் கம்பெனியின் சாயங்காலக் கெடுவுக்கு முன்பே விவரம் போய்ச் சேர்ந்தது, கண்டெய்னர் ஏறியது. பழைய சாவியை, அதைச் செய்தபோதே தானாக உருவாகியிருந்த ரத்துச் சான்றிதழைக் கொண்டு செல்லாததாக்கினேன்.

இப்போது என் பாஸ்ஃப்ரேஸ், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சில சாதாரண வார்த்தைகள். குறியும் கிடையாது, வித்தையும் கிடையாது. ஏஜென்ட் ஒரு வேலை நாளைக்கு மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும். மறுநாள் காலை நான் அடித்தே ஆக வேண்டும். சாவியின் பேக்கப் ஆபீஸ் பீரோவில் இருக்கிறது. பாஸ்ஃப்ரேஸ், ஒட்டிய கவரில் அண்ணாச்சியின் வீட்டு லாக்கரில் இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. வசதி என்பது அடிக்காமலே இருப்பதல்ல, சிரமமில்லாமல் தினம் ஒரு தடவை அடிப்பது. காலையில் நான் கீபோர்டைத் தொட்டதும் ரோஸ்லின் அக்கா, “செபம் சொல்லியாச்சா தம்பி?” என்பார்.

அடுத்த வருட பூஜைக்கு நான் ஊருக்குப் போகவில்லை. சந்தனக் கிண்ணத்தோடு வந்த அண்ணாச்சி, பவர் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“அணைக்கலாமால?”

“தாராளமா அணைங்க அண்ணாச்சி.”

அணைத்தார். மானிட்டருக்கு ஒரு பொட்டு வைத்தார், பென்டிரைவின் மூடிக்கு ஒன்று. அப்புறம் அதே விரலால் என் நெற்றியிலும் அழுத்தி ஒன்று வைத்தார்.

“போன வருசம் இந்த மெசினுக்கு வைக்க விட்டுப்போச்சு,” என்றார்.