பச்சை ஆப்பு

அந்தப் பரணை விழ வைத்தவன் நான்தான். காற்று அல்ல, காட்டுப்பன்றி அல்ல... நான்!

ஆனேக்கல் பக்கத்துத் தோட்டங்களில் மரத்தின் மேல் பரண் கட்டுவது எனக்கும் என் தம்பி முருகேசுக்கும் தொழில். நாங்கள் குடியிருக்கும் நீலசந்திராவிலிருந்து பஸ் ஏறிப் போவோம். ராகிக்குக் காவல் என்றுதான் எல்லோரும் கட்டச் சொல்வார்கள். சிலர் அதில் துப்பாக்கியோடு உட்கார்ந்து திருட்டுத்தனமாகப் பன்றி சுடுவார்கள். தெரிந்தேதான் கட்டிக் கொடுத்தோம்.

அப்படி ஒரு முதலாளி, பொழுது சாய்கிற நேரத்தில் புதர் அசைவதைப் பார்த்துச் சுட்டான். புதருக்குப் பின்னால் மிச்சக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தவன் முருகேசு. முழங்கால் சிதைந்துபோயிற்று. வேட்டைக்குப் பரண் கட்டிய நீங்களும் உள்ளே போவீர்கள் என்று மிரட்டி, கம்பிவேலியில் விழுந்ததாக எங்களையே ஆஸ்பத்திரியில் சொல்ல வைத்தான் அந்தப் பாவி!

புதுப் பரண் கட்ட மறுபடியும் என்னையே அழைத்தான். சிரித்த முகத்தோடு போனேன்.

பரணைக் கட்டியவனே முதலில் ஏறிக் குதித்துக் காட்ட வேண்டும். அது எங்கள் வழக்கம். குதித்தேன்... அசையவில்லை. பரணைத் தாங்கும் முட்டுக்கால்களுக்குக் காய்ந்த மர ஆப்புதான் அடிப்போம். நான் அன்றே வெட்டிய பச்சை மரத்தில் செதுக்கி அடித்திருந்தேன். அது முதலில் இறுக்கிப் பிடிக்கும். வெயிலில் காய்ந்து சுருங்கினால் தானாகக் கழன்றுவிடும்.

கழன்றது. பரணோடு விழுந்த முதலாளியின் இடுப்பு முறிந்தது. அந்தச் சேதி எனக்கு எப்படி இனித்தது தெரியுமா! தம்பியிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"முட்டுக்கு என்ன ஆப்புணா அடிச்ச?"

"காஞ்சதுதான்" என்றேன்.

ஏன் பொய் சொன்னேன்? அவனுக்காகத்தானே செய்தேன்... அவனுக்காக மட்டும்தானா? துப்பாக்கிக்காரனுக்குக் கட்டிக் கொடுத்துக் கூலி வாங்கிய என் குற்றத்தையும் சேர்த்துத்தான் முதலாளியின் இடுப்பில் இறக்கினேனோ?

நான் வருந்துவதாக நினைத்துவிடாதீர்கள். அந்த முதலாளி ஊன்றுகோலோடு நடப்பதைப் பார்க்கும்போது, இது போதாது என்றுதான் இன்றும் மனம் கறுவுகிறது.

ஆனால், போன வாரம்... வேறொரு தோட்டத்தில் கட்டி முடித்து, ஏறிக் குதித்துக் காட்டினேன். பரணுக்கு அடியில் கிடந்த கயிற்றை முருகேசு எடுக்க வேண்டும். காலை இழுத்துக்கொண்டு வந்தவன், சற்று நின்றான். ஒவ்வொரு ஆப்பாக நகத்தால் கீறி, பச்சையா என்று பார்த்தான்.

பிறகுதான் நான் நின்றிருந்த பரணுக்கு அடியில் வந்தான்.