வர்டோவின் பறவைத் தீவும் யோகனின் தொப்பியும்

இது இரண்டு பேர் போவதற்குத் திட்டமிட்ட பயணம். மார்ச் கடைசி வாரம் நான் தனியாகப் போய் வந்தேன். நோர்வேயின் வடகிழக்கு மூலையில் உள்ள வர்டோவுக்குப் பறவையும் பனிமானும் படம் எடுக்கப் போக நினைக்கும் சிலர் விபரம் கேட்டிருந்தார்கள். விபரம் மட்டும் போதும் என்பவர்கள் கடைசிப் பகுதிக்கு நேரே போகலாம். நடுவில் கொஞ்சம் புலம்பல் இருக்கிறது.

நான் ஒஸ்லோவில், அம்மருட்டில் இருக்கிறேன். கிழமை நாட்களில் பஸ் ஓட்டுகிறேன். சனி, ஞாயிறுகளில் நம்மவர் கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் கமரா தூக்குகிறவன். ரொம்சோசில் இருந்த யோகனும் அப்படித்தான். அவன் வீடியோ, நான் படம். பதினொரு வருடம் சேர்ந்து வேலை செய்தோம். தொடக்கத்திலேயே இரண்டு பேருமாக ஒரு பெரிய தூர லென்ஸ் வாங்கினோம். கலியாண மண்டபத்தில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. வர்டோவில் பஃபின் பறவையைப் படம் எடுக்கவென்றே வாங்கியது. ஒவ்வொரு வருடமும் போக வெளிக்கிடுவோம். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவரின் கொண்டாட்டம் குறுக்கே வரும்.

போன ஓகஸ்டில் யோகன் குடும்பத்தோடு லண்டனுக்குப் போய்விட்டான். மனைவியின் சகோதரங்கள் எல்லாம் அங்கே. எங்கள் பக்கத்தில் யார் நாடு மாறிப் போனாலும் பிரியாவிடையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பது நான்தான். யோகனின் பிரியாவிடைக்கு மட்டும் நான் போகவில்லை. வேலை என்று சொன்னேன். வேலை இல்லை, விட்டுவிட்டுப் போகிறானே என்ற கோபம். மறுநாள் காலை வாசலில் லிஃப்ட் நிற்கும் சத்தம் கேட்டது. மணி அடிக்கவில்லை. நான் எழும்பிப் போய்த் திறந்தபோது கதவுக் கைப்பிடியில் அவனிடம் இருந்த லென்ஸ் பை தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பிறகு ஏழு மாதம் இரண்டு பேரும் ஒரு சொல் கதைக்கவில்லை.

அதனால் இந்தப் பயணத்துக்கு எனக்கு ஒரு திட்டம் இருந்தது. நல்ல பஃபின் படம் ஒன்று எடுத்து, ஒன்றும் எழுதாமல் அவனுக்கு அனுப்புவது. மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. ஒரு சாட்டு வேண்டும். படம் கிடைக்காவிட்டால் சாட்டும் இல்லை.

வியாழன் காலை ஒஸ்லோவிலிருந்து சிர்க்கெனசுக்கு விமானம், இரண்டு மணித்தியாலம். போய்வர 2,340 குறோணர். அங்கே கார் வாடகைக்கு எடுத்தேன், நான்கு நாளுக்கு 2,850. வர்டோ சுமார் 240 கிலோமீற்றர். வழி முழுக்க இடப்பக்கம் வெள்ளை, வலப்பக்கம் கடல். பஸ்ஸில் எனக்குப் பின்னால் எப்போதும் ஐம்பது பேர் இருப்பார்கள். இங்கே அரை மணித்தியாலத்துக்கு ஒரு கார்கூட எதிரே வரவில்லை. ரேடியோவும் இரைந்துகொண்டிருந்ததால் நிறுத்திவிட்டேன். பக்கத்து இருக்கையில் லென்ஸ் பை இருந்தது. அதற்கு சீற் பெல்ற் போட்டுவிட்டிருந்தேன்.

வர்டோவுக்கு இருபது கிலோமீற்றர் இருக்கும்போது தெருவோரம் பனிமான் கூட்டம், இருபது வரும். காரை நிறுத்தி இறங்கினேன். குளிர் காதைக் கடித்தது. லென்ஸ் பையின் பக்கப் பொக்கற்றில் கம்பளித் தொப்பி ஒன்று கிடந்தது. பச்சை, உச்சியில் சிவப்புக் குஞ்சம். யாருடையது என்று தெரியும். மறந்து விட்டானா, வேண்டுமென்று வைத்தானா என்று தெரியாது. போட்டுக்கொண்டேன். பிறகு எங்கள் ஆட்கள் குளிருக்குச் செய்வதையே நானும் செய்தேன். தைலப் போத்தலைத் திறந்து தொண்டை, மூக்கு, காதடி எல்லாம் நன்றாகப் பூசிக்கொண்டு பனியில் குப்புறப் படுத்தேன். காற்று என் பின்பக்கமிருந்து மான்களை நோக்கி வீசியதை யோசிக்கவில்லை. லென்ஸைத் திருகி முடிக்குமுன் இருபது தலையும் ஒன்றாக நிமிர்ந்தன. பிறகு எல்லாம் திரும்பி நடந்தன. என்னிடம் இருப்பது இருபது பிட்டங்களின் படம், நல்ல துல்லியம்.

கடலடிச் சுரங்கத்தைத் தாண்டி வர்டோவுக்கு வந்து விருந்தினர் விடுதியில் படியேறியபோது மேலே துவாய் மடித்துக்கொண்டிருந்த பெண் தமிழில் கேட்டார்.

“தம்பி எந்த இடம்? யாழ்ப்பாணமோ?”

திகைத்துப் போனேன். “ஓம். எப்பிடித் தெரியும்?”

“தைல வாசம் படியிலை வரேக்கையே மேலை வந்திட்டுது.”

மானை விரட்டிய வாசத்துக்குத்தான் மனிதர் கிடைத்தார். அவர் செல்வி அக்கா, திருகோணமலைக்காரர். முப்பது வருடத்துக்கு முன் இங்கே மீன் தொழிற்சாலைக்கு வந்தவர். இப்போது விடுதியைத் துப்பரவு செய்கிறார்.

வெள்ளிக்கிழமை புயல்காற்று, படகு ஓடவில்லை. அக்கா தன் வீட்டுக்குக் கூப்பிட்டு கொட் மீன் குழம்பும் சோறும் தந்தார். துறைமுகத்தைப் பார்த்த ஜன்னல்.

“அப்ப இஞ்சை நிறையத் தமிழ்ச்சனம் இருந்தது. மீன் ஃபப்ரிக் மூட, ஒவ்வொரு குடும்பமா ஒஸ்லோவுக்குப் போட்டினம். எல்லாரையும் போய் நிண்டு கை காட்டி அனுப்பினனான்.”

“கவலையா இருக்கேல்லையோ?”

“இருக்காமல்? அழுதழுதுதான் கை காட்டினனான். போகாமல் விட்டா அவையும் அழுதுகொண்டெல்லோ போவினம்.”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். யோகனைப் பற்றி அவரிடம் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டார், அவ்வளவுதான். வெளிக்கிடும்போது மட்டும், “நாளைக்குத் தீவிலை உங்கடை படம் ஒண்டு எடுத்து எனக்கு அனுப்புங்கோ. பறவை வேண்டாம், பறவை ஜன்னலாலை தெரியுது. முகம் தெரியவேணும்,” என்றார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் படகு. பத்து நிமிடத்தில் ஹூர்னோயா தீவு, கட்டணம் 600 குறோணர். பாறை முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாய் ஆயிரமாயிரம் கடற்பறவைகள். சத்தமோ சொல்லி மாளாது. ஆனால் பஃபின் இல்லை. வசந்தத் தொடக்கத்தில் அவை ஒரு நாள் தரைக்கு வரும், ஒரு நாள் வராது என்று படகுக்காரர் சொன்னார். அன்று வராத நாள். தூரத்துக் கடலில் அலைக்கு அலை ஏறி இறங்கும் புள்ளிகளாக இருந்தன. நான்கு மணித்தியாலம் லென்ஸோடு பாறையில் இருந்தேன். பதினொரு வருடத்துக் கனவு இடத்தில், அத்தனை ஆயிரம் உயிர்களுக்கு நடுவில், “மச்சான், அங்கை பார்” என்று சொல்ல ஒருவன் இல்லை. அழுதேன். காற்றென்று சொல்லலாம், காற்றில்லை. அந்த நேரம் பார்த்து மேலே பறந்த ஒன்று தொப்பியில் எச்சம் போட்டது.

திரும்பும்போது அக்காவுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்து, படகுக்காரரிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்தேன். எத்தனையோ ஆயிரம் பேரைச் சிரிக்கச் சொன்னவனுக்கு என்ன முகம் வைப்பதென்று தெரியவில்லை. சிவந்த மூக்கு, வீங்கிய கண், எச்சம் வழியும் பச்சைத் தொப்பி. அதை அக்காவுக்கு அனுப்பினேன். பிறகு, யோசித்தால் அனுப்பமாட்டேன் என்று தெரிந்ததால், யோசிக்காமல் யோகனுக்கும் அனுப்பினேன். கீழே, “பஃபின் வரேல்லை. நானும் அண்டைக்கு வந்திருக்கவேணும்,” என்று எழுதினேன்.

அன்று பதில் இல்லை. இரவு பத்துத் தரம் பார்த்தேன். அவன் பார்த்துவிட்டான் என்று நீலக் குறி விழுந்திருந்தது. ஞாயிறு காலை அக்கா விடுதி வாசலில் நின்று, என் கார் சுரங்கத்துக்குத் திரும்பும்வரை கை காட்டினார். சிர்க்கெனஸ் விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றபோது தொலைபேசி அதிர்ந்தது.

“அது என்ர தொப்பி. தோய்ச்சுக் கொண்டு வா. தபாலிலை போடாதை.”

இனி விபரம். பஃபின் நிச்சயம் வேண்டுமென்றால் ஏப்ரல் நடுப்பகுதிக்குப் பின் போங்கள். காற்றுக்காகக் குறைந்தது ஒரு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள். விடுதி இரவுக்கு 1,150. தீவில் பறவைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், சின்ன லென்ஸே போதும். பெரியதைத் தூக்கித் தோள் நோக வேண்டாம். பனிமானுக்கு அருகே போகாதீர்கள், பனிக்கால முடிவில் அவற்றுக்கு ஓடுவதற்குப் பலம் குறைவு. காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். தைலம் மான் பார்த்து முடிந்த பிறகு. பறவை எச்சம் சுடுதண்ணீரில் இறுகிவிடும். குளிர்ந்த தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டுத் தோயுங்கள்.

தொப்பி காய்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பின்னேரம் லண்டனுக்கு விமானம். கமராவும் கொண்டு போகிறேன். ஓகஸ்டில் எடுக்காமல் விட்ட படம் ஒன்று இருக்கிறது.