ராசாத்தி தண்ணீர் குடிக்கத் தொடங்கிய கதை

மீமிசலை ஒட்டிய அந்தச் சிறிய கடற்கரைக் குப்பத்தில் ராசாத்தி உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. ஏலத்திலும் நிற்பாள், பஸ்ஸிலும் நிற்பாள். வீட்டுக்கு வந்து சோறு தின்னும்போதுகூட தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்புக்கும் வாசலுக்குமாக நடப்பாள். "காலுல சக்கரத்தக் கட்டிக்கிட்டே பொறந்துருக்கா" என்பான் அவள் புருஷன் கண்ணுசாமி. அவன் நாட்டுப்படகில், பிடிபடும் மீனில் பங்குக்குப் போகிறவன். இவள் மீன் விற்கிறவள். விடிகாலையில் படகுகள் கரையேறியதும் காரல், சூடை என்று கிடைக்கிற பொடிமீனை ஏலத்தில் எடுத்து, அன்னக்கூடையில் கொட்டி, ஐஸைத் தட்டிப் பரப்பி, பஸ் பிடித்துப் போவாள். ஆவுடையார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் தெருத்தெருவாகக் கூவி விற்றுவிட்டு வெயில் சாயும்போது திரும்புவாள்.

அவ்வளவு நேரமும் அவள் தண்ணீர் குடிப்பதில்லை. அந்தக் கரையில் மீன் எடுக்கிற எந்தப் பெண்ணும் குடிப்பதில்லை. ஒதுங்க இடம் கிடையாது. ஆண்களுக்குப் படகு மறைவு போதும். ஊருக்குள் போனாலோ, மீன்காரியைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்க் கழிவறையைத் திறந்துவிடுகிற வீடு எதுவும் இல்லை. அதனால் எழுந்ததும் அரை டம்ளர் டீ. பிறகு நாக்கு ஒட்டிக்கொண்டால் வாயைக் கொப்பளித்துத் துப்புவது. தொழிலுக்குப் புதிதாக வருகிற பெண்ணிடம் மீன் விலை சொல்வதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவார்கள்.

ஒரு சித்திரை மாதம் ராசாத்திக்கு இடுப்பில் ஊசி குத்துவதுபோல் வலி வந்தது. சூட்டு வலி என்று வெந்தயத்தை விழுங்கிவிட்டு வியாபாரத்துக்குப் போனாள். பிறகு நீர் கடுத்தது, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. அறந்தாங்கி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துக் குளுகோஸ் ஏற்றினார்கள். படுக்கையில் கிடந்த நாட்கள் அவளுக்கு நோயைவிடப் பெரிய தண்டனையாக இருந்தன.

"தண்ணி நிறையக் குடிக்கணும்மா. குடிக்காம இருந்தா கிட்னிக்கு ஆபத்து" என்றார் டாக்டர்.

"குடிச்சா எங்கிட்டுங்க போறது?"

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.  மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

திரும்பவும் கூடை எடுத்த முதல் நாள், பயத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கரையிலேயே குடித்துவிட்டாள். பஸ் பாதி தூரம் போவதற்குள் தாங்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். ஜன்னலில் சீமைக்கருவேலங்காடு ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் கண்டக்டரிடம் போய், "தம்பி, வண்டிய நிறுத்தச் சொல்லுங்க, அவசரம்" என்றாள். பஸ் நின்றது. இறங்கி ஓடினாள். முள் கிழித்ததைக்கூட அவள் பார்க்கவில்லை. திரும்பி ரோட்டுக்கு வந்தபோது பஸ் இல்லை. அவள் அங்கேயே இறங்கிவிட்டதாகக் கண்டக்டர் நினைத்திருக்கிறார். கூடை பஸ்ஸோடு போய்விட்டது.

பின்னால் வந்த ஒரு மினி லாரியைக் கைகாட்டி நிறுத்தி ஏறி, ஒவ்வொரு நிறுத்தமாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில், டைம் கீப்பர் அறைக்குப் பக்கத்தில், வெயிலில் கிடந்தது கூடை. ஐஸ் உருகி ஓடியிருந்தது. காக்காய்கள் மேலே உட்கார்ந்திருந்தன. போகிற வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "யாரும்மா இது, நாத்தத்தக் கொண்டாந்து வச்சது" என்றார்கள். ராசாத்தி கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். மீனைக் கொட்ட ஓர் இடம் தேடுவதற்கே ஊரைச் சுற்றிவர வேண்டியிருந்தது. அந்த அலைச்சலில்தான் கரையில் இருக்கிற பூட்டிய கட்டடம் அவள் நினைவுக்கு வந்தது.

ஏலக் கொட்டகைக்குப் பின்னால் பெண்களுக்கென்று ஒரு கழிவறை உண்டு. கட்டிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நீலப் பெயிண்ட் அடித்து, சேலை கட்டிய பெண் படம் வரைந்து, அன்றே பூட்டியும் விட்டார்கள். சாவி ஏலம் விடுகிற சோலையப்பனிடம் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் அவர்முன் போய் நின்றாள். "அண்ணே, அந்தக் கக்கூஸத் தொறந்து விடுங்க."

"அது ஆகாது ராசாத்தி. உள்ள வலை கெடக்கு."

"வலைய எடுத்துட்டுத் தொறங்க."

"தண்ணி வசதி இல்ல. மோட்டார உப்பு தின்னுருச்சு. பஞ்சாயத்துல கேளு."

பஞ்சாயத்தில் மீன்துறையைக் கேட்கச் சொன்னார்கள். மீன்துறையில் கட்டியது நாங்கள் இல்லை என்றார்கள். இரண்டு வாரம் இப்படிப் போனது. அவள் பாதித் தண்ணீர் குடிப்பதும், பயந்து நிறுத்துவதும், மறுபடி கடுப்பு எடுப்பதுமாக இருந்தாள். வியாபாரத்தில் மனம் நிற்கவில்லை. மீனை நிறுத்துக்கொண்டிருக்கும்போதே கண் மறைவான இடம் தேடும்.

அவளோடு மீன் எடுக்கிறவள் பிளெஸ்ஸி. ராசாத்தியைவிடப் பத்து வயது இளையவள். வார்த்தையை அளந்து பேசுகிறவள். "அக்கா, நீங்க ஒருத்தரா நடந்தா நடந்துக்கிட்டேதான் இருப்பீங்க. எல்லாருமா ஒரு நாளு ஒக்காந்துட்டா என்ன?" என்றாள்.

அப்படித்தான் நடந்தது. ஒரு காலையில் படகுகள் வந்தன. பெரிய மீனைக் கம்பெனிக்காரர்கள் எடுத்தார்கள். பொடிமீன் குவியல்கள் மணலில் கிடந்தன. சோலையப்பன் விலை கூவினார். பெண்கள் யாரும் குவியல் பக்கம் வரவில்லை. எல்லோரும் நீலக் கதவுக்கு முன்னால் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். ராசாத்தி மட்டும் நின்றாள்.

வெயில் ஏறியது. காரல் வாடத் தொடங்கியது. படகுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவர்களில் கண்ணுசாமியும் இருந்தான். "என் பங்கும் அதுலதான் கெடக்கு" என்றான் மெதுவாக.

"தெரியும். அதான் நானும் எடுக்கல" என்றாள்.

அவன் வாடுகிற மீனை ஒரு கை அள்ளிப் பார்த்தான். பிறகு சோலையப்பனிடம் போய், "தொறந்துதான் விடுங்களேண்ணே. அதுகளுக்குன்னு கட்டுனதத்தான கேக்குதுக" என்றான். அவன் பேசியதும் மற்ற படகுக்காரர்களும் பேசினார்கள். சோலையப்பன் சாவியை எடுத்து வந்தார்.

வலைகளையும் காலி டீசல் கேன்களையும் இழுத்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். ஊற்றிய தண்ணீர் சுவருக்குப் பின்னால் மணலில் வழிந்தது. கட்டடத்துக்குக் கழிவுக் குழியே தோண்டவில்லை. பீங்கானைப் பதித்து, ஒரு முழக் குழாயை வெளியே நீட்டி, படம் பிடித்துக் கணக்கை முடித்துவிட்டு யாரோ ஒரு காண்டிராக்டர் போயிருந்தார். பெண்களில் சிலர் சிரித்தார்கள். ராசாத்திக்குச் சிரிப்பு வரவில்லை.

"குழிதானே. நாமளே தோண்டுவோம்" என்றாள்.

அன்று மாலையே மண்வெட்டியோடு வந்துவிட்டாள். கண்ணுசாமியும் கூட வந்தான். மணல் என்பதால் வேகமாக இறங்கியது. இடுப்பளவுக்குப் போவதற்குள் அடியில் தண்ணீர் கசிந்து நின்றது. அப்போது குடத்தோடு அந்த வழியாக வந்த பிளெஸ்ஸி நின்றுவிட்டாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"பாத்தாத் தெரியல?"

பிளெஸ்ஸி குழிக்குள் இறங்கி, ஊறிய தண்ணீரை ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தாள். "நல்ல தண்ணிக்கா இது. இந்தா அங்கிட்டுத்தான எங்க ஊத்து இருக்கு. இங்க வுடுறது அங்க வராதா?"

அந்தக் கரையில் நிலத்தடி நீர் எங்கும் உப்பு. மணல்மேட்டுக்கு அடியில் மட்டும் மழைத் தண்ணீர் தங்கி ஊறும். குழாய்த் தண்ணீர் வராத நாட்களில் பிளெஸ்ஸியின் தெரு முழுவதும் அந்த ஊற்றைத்தான் குடித்தது. கூப்பிடு தூரம்கூட இல்லை.

ராசாத்திக்கு ஆத்திரம் வந்தது. "நீதானடி ஒக்காரலாம்னு சொன்ன. இப்ப வேணாங்குற?"

"ஒக்காரத்தான் சொன்னேன். எம்புள்ளைக குடிக்கிற தண்ணியில கலக்கச் சொல்லல."

குடத்தை எடுத்துக்கொண்டு பிளெஸ்ஸி போய்விட்டாள். ராசாத்தி மேலும் சிறிது நேரம் வெட்டினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் தெளிந்த தண்ணீர் மேலே வந்தது.  கடைசியில் அவள் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, வெட்டிய மணலை உள்ளே தள்ளத் தொடங்கினாள். தள்ளும்போது கண்ணீர் வந்தது. துடைக்காமலே தள்ளினாள்.

இரண்டு பேரும் சில நாள் பேசிக்கொள்ளவில்லை. ஏலத்தில் எதிரும் புதிருமாக நின்றார்கள். பிறகு ஒருநாள் ராசாத்தியே பிளெஸ்ஸியின் வாசலுக்குப் போனாள். "ஒன்றிய ஆபீசுக்குப் போறேன். ஊத்தப் பத்தி நீ பேசுனாத்தான் எடுபடும். வாரியா?"

"சேலை மாத்திக்கிட்டு வாரேங்க்கா" என்றாள் பிளெஸ்ஸி.

அதற்குப் பிறகு அவர்கள் போன ஆபீஸ்கள் பல. ஓர் இடத்தில் வாட்ச்மேன் மீன் வாடை அடிக்கிறதென்று வெளியே நிற்கச் சொன்னார். மழைக்காலம் வந்து போனது. நடுவில் ராசாத்திக்கு மறுபடி காய்ச்சல் வந்து படுத்தாள். அப்போது பிளெஸ்ஸி தனியாகப் போய்வந்தாள். கடைசியில் வந்து பார்த்த இளம் பெண் இன்ஜினியர் ஒருவர் ஊற்றையும் மணலையும் பார்த்துவிட்டு, இங்கே குழியே ஆகாது, தரைக்கு மேல் கசியாத காங்கிரீட் தொட்டிதான் கட்ட வேண்டும், நிரம்பினால் லாரி வைத்து எடுக்க வேண்டும் என்றார். தொட்டி உயர்ந்ததால் கழிவறையையும் உயர்த்தினார்கள். இப்போது படியேறித்தான் போக வேண்டும். முழங்கால் வலிக்காரிகள் ராசாத்தியைத் திட்டிக்கொண்டே ஏறுகிறார்கள். குழாயில் உப்புத் தண்ணீர்தான் வருகிறது. கழுவுவதற்கு அது போதும்.

திறந்த அன்று அவள் சொம்பு நிறையத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். அவ்வளவு பேர் பார்க்கக் குடிக்க வெட்கமாக இருந்தது என்று பிறகு சொன்னாள்.

இப்போதும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கரையில் வழி பிறந்துவிட்டது, ஆனால் விற்கப் போகிற கிராமங்களில் அதே நிலைதான். வாரச்சந்தையில் இன்னும் கதவு இல்லாத ஒரு மறைப்புதான் இருக்கிறது. போன வாரம் தொட்டி நிரம்பிவிட்டது. லாரிக்காரர் இன்று நாளை என்று இழுக்கிறார். பஸ் கிளம்புகிறது, கூடை ஏறிவிட்டது, ராசாத்தி படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று போனில் பேசுகிறாள்.

"நாளைக்கின்னு சொல்லாதீங்க. நேரத்தச் சொல்லுங்க. இல்லாட்டி நானே அங்க வாரேன்."

கண்டக்டர் விசில் ஊதுகிறார். அவள் இன்னும் ஏறவில்லை.