ரோவீனா பிக்கெட்டின் இரண்டு காதுகள்

பத்து மணிக் கூட்டத்துக்கு ஒன்பது இருபதுக்கே வந்து காரை நிறுத்திவிட்டு, ரோவீனா பிக்கெட் உள்ளேயே உட்கார்ந்து உப்பு பிஸ்கட் தின்றுகொண்டிருப்பார். ஒன்றிரண்டு அல்ல, ஒரு பொட்டலம் முழுவதும். நான் கார்க் கண்ணாடியைத் தட்டி, "என்ன, காலையில சாப்பிடலையா?" என்று கேட்டால், "சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன், எல்வின். ஆனா உள்ள போய் வயிறு பேசிடுச்சுன்னா? இத்தனை வருஷம் கழிச்சு ரோவீனா பேசிட்டாளேன்னு எல்லாரும் பக்தியா தலையைக் குனிஞ்சுக்குவாங்க" என்பார். பிஸ்கட் துகளைத் தட்டிவிட்டு, பனிக்கால பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, வெறும் காலுறையோடு உள்ளே நடப்பார். பலகைத் தரையில் சத்தம் வரக் கூடாதாம்.

கிறிஸ்தவர்களில் எங்கள் குவேக்கர் பிரிவின் கூட்டத்தில் பாதிரியார் இல்லை, பாட்டு இல்லை, பிரசங்கமும் இல்லை. முப்பது பேர் ஒரு மணி நேரம் பெஞ்சுகளில் சும்மா உட்கார்ந்திருப்போம். யாருக்காவது உள்ளேயிருந்து ஏதாவது உந்தினால் எழுந்து நின்று சொல்லலாம். உந்தாமல் பேசக் கூடாது. நான் விதைச் சோளம் விற்றுப் பிழைத்தவன், வாய் சும்மா இருக்காது. மாதத்துக்கு இரண்டு முறையாவது எனக்கு உந்திவிடும். பேசி உட்கார்ந்த பிறகு, அதில் பாதிக்கு மேல் என் சொந்தச் சரக்குதான் என்று எனக்கே தெரியும். ரோவீனா இருபத்திரண்டு வருடமாக வருகிறார். ஒரு தடவைகூட எழுந்ததில்லை.

சுவரோரப் பெஞ்சில், வலது காது சுவர்ப்பக்கம் இருக்கும்படி உட்காருவார். அந்தக் காதுக்கு மேலே தலைமுடியில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். எந்தச் சீப்பாலும் அதை நிமிர்த்த முடியவில்லை. இருபத்து நாலு வருடமாகக் காதில் மாட்டிய கருவி போட்ட தழும்பு அது. எங்கள் மாவட்டத்தில் யார் அவசர உதவிக்கு 911 அழைத்தாலும் எடுத்துப் பேசுகிற நாலைந்து பேரில் அவர் ஒருவர். ஏன் எப்போதும் அதே இடம் என்று கேட்டதற்கு, வலது காதைத் தொட்டு, "இது சம்பளத்துக்கு" என்றார். இடது காதைத் தொட்டு, "இது சாமிக்கு. ஞாயித்துக்கிழமை சம்பளக் காதுக்கு லீவு" என்றார்.

அந்த வேலை அவர் பேச்சில் ஊறிப்போய்விட்டது. நீங்கள் எதற்காக போன் செய்தாலும் அவருடைய முதல் கேள்வி, "எங்க இருக்கே?" என்பதுதான். நான் ஒருமுறை கூட்டத்தின் பொதுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு கொண்டுவருவாரா என்று கேட்க அழைத்தேன். "எங்க இருக்கே, அதை முதல்ல சொல்லு" என்றார். வீட்டில்தான் என்றேன். "மூச்சு வாங்குதே?" என்றார். மாடிப்படி ஏறினேன் என்றேன். அதன் பிறகுதான் உருளைக்கிழங்குக்கு வந்தார். "என்ன ஆச்சுங்கிறதை அப்புறம் கேட்டுக்கலாம், எல்வின். எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சாத்தான் ஆளை அனுப்ப முடியும்" என்று விளக்கம் வேறு சொன்னார். அதற்கு அடுத்த வாரம் டாக்டரிடம் போய் என் நெஞ்சைக் காட்டினேன். அவர் காதில் விழுந்தது சும்மா இருக்காது என்று எனக்கு ஒரு பயம்.

அவருடைய தேடல் எங்கே தொடங்கியது என்று அவரே சொல்லியிருக்கிறார். வேலையில் சேர்ந்த முதல் வருடம். ஒரு வயதான பெண்மணி அழைத்தார், நெஞ்சுவலி. விலாசம் வாங்கி, ஆம்புலன்ஸ் அனுப்பி, பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் நிதானமாகக் கேட்டாராம்: "நான் சாகப் போறேனா, கண்ணு?"

"நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஆம்புலன்ஸ் வந்துட்டிருக்கும்மான்னு சொன்னேன். எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது அதுதான். ஆனா அவங்க கேட்டது அதையில்லையே. அவங்க ஆம்புலன்ஸைப் பத்திக் கேக்கவே இல்லையே."

ஆம்புலன்ஸ்காரர்கள் உள்ளே நுழைந்ததும் இணைப்பு துண்டிக்கப்படும். மீதிக் கதையை போன் எடுத்தவர்களுக்குச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. அந்த அம்மாள் பிழைத்தாரா என்று ரோவீனாவுக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த தடவை யாராவது அப்படிக் கேட்டால் உண்மையாகச் சொல்லத் தன்னிடம் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தார். அதற்காகத்தான் இத்தனையும்.

இத்தனையும் என்றால் கொஞ்சமல்ல. உடற்பயிற்சிக் கூடத்தின் அடித்தளத்தில் யோகா கற்றுக்கொண்டார். நெடுஞ்சாலை மோட்டலில் ஒரு சாமியாரின் மூன்று நாள் முகாமுக்குப் போய், இரண்டாம் நாள் மத்தியானமே திரும்பினார். போனில் தியான ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்தார். மழைச் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண் குரல் பேசும். "'மெதுவா மூச்சை உள்ள இழுங்க, மெதுவா விடுங்க'ன்னு சொல்றா. அதைத்தானே நான் நாள் பூரா ஊர் ஜனத்துக்குச் சொல்லிட்டிருக்கேன்? வீட்டுக்கு வந்தும் அதேவா?" இல்லினாயில் பத்து நாள் மௌன முகாமுக்குப் போனார். நாலாம் நாள் வெளியே அனுப்பிவிட்டார்கள். பக்கத்துத் திண்டில் உட்கார்ந்திருந்தவரின் மூச்சை எண்ணிப் பார்த்து, ஆஸ்துமாவா என்று கேட்டுவிட்டாராம். "மௌனத்தைக் காப்பாத்துங்கன்னு சொன்னாங்க. நான் அந்தாளைக் காப்பாத்தலாம்னு பார்த்தேன். உதடு நீலமா இருந்துச்சு, எல்வின்!"

கணவர் கர்ட் தானியக் கிடங்கில் வேலை பார்க்கிறார். குளிர்காலத்தில் ஏரிப் பனியில் துளை போட்டுத் தூண்டில் போடுகிறவர். "ஞாயித்துக்கிழமை அவ அங்க போய் உட்கார்றா, நான் ஏரியில போய் உட்கார்றேன். ரெண்டு பேருமே வெறுங்கையோடதான் வீட்டுக்கு வர்றோம்" என்று எங்கள் முன்னாலேயே சொல்லுவார். ரோவீனாவும் சேர்ந்து சிரிப்பார்.

போன ஜனவரிக் கடைசியில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. காப்பீட்டு ஏஜென்ட் டுவெய்ன் எங்கள் கூட்டத்துக்குப் புதிதாக வந்திருந்தார். வந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையே எழுந்து நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட, தனக்குள் ஒரு வெளிச்சம் நிறைந்து வழிவதாகச் சொன்னார். பொய் இல்லை, அவர் முகத்தைப் பார்த்த யாரும் அதைப் பொய் என்று சொல்ல மாட்டார்கள். ரோவீனா வீட்டுக்குப் போய், ஏற்கனவே சுத்தமாக இருந்த அடுப்பை இரண்டு மணி நேரம் தேய்த்தார். மறுநாள் என்னை அழைத்தார். நான் எங்கே இருக்கிறேன் என்றுகூடக் கேட்கவில்லை.

"மூணு வாரம், எல்வின். அந்தாளு மூணே வாரம் உட்கார்ந்தாரு. எனக்கு இருபத்திரெண்டு வருஷம். பொறாமையா இருக்கு, வெக்கமாவும் இருக்கு. இதோட நிறுத்திடலாம்னு பார்க்கறேன். எனக்குத் தெளிவுக் குழு வேணும்."

தெளிவுக் குழு எங்களிடையே பழைய வழக்கம். ஒருவர் முடிவெடுக்க முடியாமல் தவித்தால் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து அவரைக் கேள்வி கேட்பார்கள். கேள்வி மட்டும்தான். புத்தி சொல்லக் கூடாது, ஆறுதல் சொல்லக் கூடாது. கேட்கிறவருக்கே விடை தெரிந்த கேள்வியையும் கேட்கக் கூடாது. அந்தச் சனிக்கிழமை மத்தியானம் பனி கொட்டியதால் நாலு பேரில் இரண்டு பேர்தான் என் வீட்டுச் சமையலறைக்கு வந்துசேர முடிந்தது: நானும் மெர்ட்டில் கென்வர்த்தியும். மெர்ட்டில் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர். வயது எண்பத்தொன்று. பனியில் காரை அவரே ஓட்டிவந்தார். அங்கே பேசியதையெல்லாம் வெளியே சொல்லக் கூடாது. "எழுதிக்கோ, ஆனா என்னைப் புனிதவதி ஆக்கிடாதே" என்று ரோவீனா அனுமதி கொடுத்ததால் எழுதுகிறேன்.

பதினைந்து நிமிட மௌனத்துக்குப் பிறகு நான்தான் ஆரம்பித்தேன். "உன்னை நீயே ரொம்ப வதைச்சுக்கறேன்னு உனக்குத் தோணலையா, ரோவீனா?"

மெர்ட்டில் என் பக்கம் திரும்பினார். "எல்வின், அது கேள்வி இல்ல. புத்திமதிக்குப் பின்னாடி ஒரு கேள்விக்குறியை ஒட்டவெச்சிருக்கே. திருப்பி எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற தப்புதான். அடுத்த கேள்வியை வாயில் வைத்து நன்றாக மென்று பார்த்த பிறகே வெளியே விட்டேன். எனக்கு நிஜமாகவே தெரியாத ஒன்று அது. "போன் வருது, எடுக்கறே, அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்ப நீ என்ன செய்வே?"

ரோவீனா மேசையைப் பார்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.

"ஜனவரி பதினொண்ணாந்தேதி, பனிப்புயல் அன்னிக்குக் காலையில ஒண்ணு வந்துச்சு. பேச்சே இல்ல. பேச முடியலைன்னா எதையாவது தட்டுங்கன்னேன், தட்டலை. பக்கத்து சீட்டு ஜானெல், 'பாக்கெட்ல கை பட்டிருக்கும், கட் பண்ணு'ன்னா. நான் பண்ணலை. மேப்ல பார்த்தா ஒரு பெரிய வட்டம் காட்டுது, மைல் கணக்குல வெறும் வயல். பனி தள்ற வண்டிக்காரரைக் கூப்பிட்டு, அந்த ரோட்ல ஹாரன் அடிச்சுக்கிட்டே போங்கன்னேன். அந்தச் சத்தம் இந்த போன்ல விழுதான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். நடுநடுவுல லைன்ல இருந்த ஆள்கிட்டயும் பேசிக்கிட்டிருந்தேன். நான் இருக்கேன் ராசா, எங்கயும் போகலை, வண்டி வருதுன்னு. என் சின்ன வயசுக் கதையெல்லாம்கூடச் சொன்னேன். கடைசியில லேசா, கொசு ரீங்காரம் மாதிரி ஹாரன் கேட்டுச்சு. அப்புறம் கொஞ்சம் பெருசா. அப்புறம் சின்னதாயிடுச்சு. தாண்டிட்டீங்க, திரும்புங்கன்னேன். நாப்பத்தோரு நிமிஷம். கார் பள்ளத்துல கவுந்து பனி மூடிக் கிடந்துச்சு. உள்ள இருந்தவருக்கு ஓட்டும்போதே பக்கவாதம். எப்படியோ நம்பரை அழுத்திட்டாரு, அதுக்கப்புறம் நாக்கும் எழும்பலை, கையும் அசையலை."

"பிழைச்சாரா?" என்று கேட்டேன்.

"ம். அவரு பொண்ணு ஆபீசுக்கே வந்து சொன்னா. இருபத்து நாலு வருஷத்துல முதல் தடவையா ஒருத்தி வந்து மீதிக் கதையைச் சொன்னா." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்ப அவருக்குப் பேச்சு திரும்பியிருக்காம். நான் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சுன்னாராம். பூரா நேரமும் கேட்டுக்கிட்டேதான் இருந்தாராம். பதில் சொல்ல முடியலை, அவ்வளவுதான்."

எனக்கு அறுபத்தெட்டு வயது. புத்தகம் எழுதிய ஞானிகளை மேடையில் பார்த்திருக்கிறேன், அவர்களோடு கை குலுக்கியிருக்கிறேன். யாரைக் கண்டும் இப்படி ஒரு பிரமிப்பு வந்ததில்லை. பனிக்கு அடியில் பேசாமல் கிடந்த ஒரு மனிதனை, எங்கோ அடித்த ஹாரனைக் கேட்டே கண்டுபிடித்த பெண் எதிரே உட்கார்ந்துகொண்டு, தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று அழுதுகொண்டிருந்தார். அதைச் சொல்லிவிட எனக்கு நாக்கு துடித்தது. சொல்லக் கூடாது.

மெர்ட்டில் கேட்டார்: "ஜானெல் சொன்னப்ப நீ ஏன் கட் பண்ணலை?"

"காலி லைன் வேற, இது வேற."

"என்ன வித்தியாசம்?"

"சொல்லத் தெரியலை, மெர்ட்டில். ரெண்டுலயும் சத்தம் கிடையாது. ஆனா காலி லைன் காலியா இருக்கும். இதுல... யாரோ இருந்தாங்க. காதுல வெச்சதுமே தெரிஞ்சுடும். இத்தனை வருஷத்துல அது ஒண்ணுதான் நான் கத்துக்கிட்டது."

மெர்ட்டில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார். விடை தெரியாமல்தான் கேட்டார் என்று சத்தியம் செய்வேன்.

"ஞாயித்துக்கிழமை நம்ம ரூம்ல இருபத்திரெண்டு வருஷமா ஒரு மௌனத்தைக் கேட்டுட்டிருக்கியே, ரோவீனா. அது எது? காலி லைனா, மத்ததா?"

ரோவீனா கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. ஐந்து நிமிடம், பத்து, இருபது. நாங்கள் எந்தக் கூட்டத்தையும் கை குலுக்கித்தான் முடிப்போம். ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது, பாதையும் மூடிக்கொண்டு வந்தது. மெர்ட்டில் முன்னால் சாய்ந்து மேசைக்கு மேலே கையை நீட்டினார். "ரோவீனா, முடிச்சுக்கலாமா?" என்றார் மெதுவாக.

ஒருமுறை விதைக் கம்பெனி நாட்காட்டியைக் கொடுக்க அவருடைய ஆபீசுக்குப் போயிருந்தேன். வணக்கம் சொல்ல வாயெடுத்தபோது அவர் திரும்பிப் பார்க்காமலேயே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். அறையில் இருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். லைனில் ஆள் இருக்கிறது, யாரும் குறுக்கே பேசாதீர்கள் என்று அதற்கு அர்த்தம்.

என் சமையலறையில், கண்ணைத் திறக்காமல், மெர்ட்டிலின் கையைப் பார்க்காமல், ரோவீனா அந்த ஒற்றை விரலைத் தூக்கினார்.