கடிக்கிற தோட்டா

நான் எட்டாம் வகுப்பு படித்த வருடம், தாராவியில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் முந்நூறு தோட்டாக்கள் தயாராயின. போலீஸ் வரவில்லை. வந்திருந்தாலும் அகப்பட்டிருப்பவை வெறும் காகிதக் குழல்கள்தான்.

எல்லாம் மாமாவின் வேலை. அம்மாவின் தம்பியான அவர், சினிமாவுக்குத் துப்பாக்கி வாடகைக்கு விடும் ஒரு உஸ்தாதிடம் பத்து வருடமாகப் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார். அந்த வருடம்தான் ஒரு சிப்பாய்க் கலகப் படத்துக்குத் தோட்டா நிரப்பும் பொறுப்பு முதன்முறையாக நேரே அவர் கைக்கு வந்தது. இது நல்லபடி முடிந்தால் அந்தப் படக் கம்பெனியின் அடுத்த படமும் அவருக்குத்தான். அம்மா ஊர்க் கோயிலுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டாள்.

அந்தக் காலத்துத் தோட்டா ஒரு காகிதப் பொட்டலம். சிப்பாய் அதன் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, வெடிமருந்தைத் துப்பாக்கிக் குழாயில் கொட்டி, கம்பியால் இடிக்க வேண்டும். நாங்கள் பழுப்புக் காகிதத்தை மரக்குச்சியில் சுற்றி, அடியில் நூலால் கட்டினோம். நீளத் துப்பாக்கிக்கு நீளக் குழல், குதிரைப்படையின் கார்பைனுக்குக் குட்டைக் குழல். கருமருந்து மட்டும் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. அது ஸ்டுடியோவில், லைசென்ஸ்காரரின் பூட்டிய பெட்டியில் இருந்தது. மாமா அங்கே போய் பித்தளை அளவையால் அளந்து நிரப்புவார். குண்டு கிடையாது, சத்தமும் புகையும்தான். நடிகர்கள் கடிக்கிற தோட்டாவில் மருந்துகூடக் கிடையாது, சலித்த அடுப்புக்கரி.

குழலின் மேலே தடவும் மெழுகுப் பூச்சுதான் மாமாவின் சொந்தக் கண்டுபிடிப்பு. பம்பாய் வெயிலுக்கு உருகாது, கேமரா வெளிச்சத்தில் மினுமினுக்கும். அம்மாவின் அடுப்பில் அதைக் காய்ச்சும்போது கதவைச் சாத்திவிடுவார்.

"ஏட்டி, இதுல என்ன சேத்திருக்குன்னு எவன் கேட்டாலும் வாயத் தொறக்கக் கூடாது. உஸ்தாத் ஆளுவ அங்கனயே சுத்திட்டு இருப்பானுவ."

தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியத்தின் பேரில்தான் ஞாயிற்றுக்கிழமை என்னையும் படப்பிடிப்புக்குக் கூட்டிப்போனார்.

கோரேகாவ் பக்கம், மலையடியில் ஒரு மைதானம். சிவப்புக் கோட்டு போட்ட அறுபது சிப்பாய்கள் துப்பாக்கியும் கையுமாக நின்றார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மாமா ஒரு கார்பைனில் மருந்து நிரப்பி வானத்தைப் பார்த்துச் சுட்டுக் காட்டினார். திடும்! மரத்திலிருந்த காக்கைகள் மொத்தமும் கிளம்பின. வெள்ளைப் புகையும் கந்தக வாடையும் முகத்தில் அடித்தன. "மாமா, இன்னொண்ணு!" என்று நான் போட்ட கூச்சலில் கேமராக்காரரே திரும்பிப் பார்த்தார்.

கரித் தோட்டாக்களைச் சிப்பாய்களின் இடுப்புப் பைகளில் வைப்பது என் வேலை. ஒட்டு மீசை வைத்த ஒரு பெரியவர், இதை எதற்குக் கடிக்கச் சொல்கிறார்கள் என்று இந்தியில் கேட்டார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டேன். அந்த வாரம்தான் டீச்சர் அந்தப் பாடத்தை நடத்தியிருந்தார். வெள்ளைக்காரன் தோட்டாவில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியதாகப் பேச்சு கிளம்பியது, சிப்பாய்கள் கடிக்க மறுத்தது, கலகம் வெடித்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். என்னைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. என் வாழ்க்கையில் அத்தனை பேர் என் பேச்சைக் கேட்டதே இல்லை.

பெரியவர் கையிலிருந்த தோட்டாவை முகர்ந்து பார்த்தார். "இதில் என்ன தடவியிருக்கிறது, மகளே?"

நான் நிமிர்ந்து நின்றேன். "அதைச் சொல்ல மாட்டேன். யாரிடமும் சொல்லக் கூடாதென்று மாமா சத்தியம் வாங்கியிருக்கிறார்."

பத்தே நிமிடம். டைரக்டர் மைக்கில் கத்தியபோது அறுபது தோட்டாக்களும் தரையில் கிடந்தன. ஒருவரும் வாயருகே கொண்டுபோகவில்லை. புத்தகத்தில் படித்த கலகம் கண்முன்னால் நடக்கிறது, நடத்தியது நான்!

புரொடக்ஷன் மேனேஜர் முகம் சிவக்க ஓடிவந்தார். யார் இந்தப் பேச்சைக் கிளப்பியது என்று கேட்டார். நான் பெருமையாகக் கையைத் தூக்கினேன். பாதி தூக்குவதற்குள் மாமா அதைப் பிடித்து இறக்கிவிட்டார்.

"நான்தான் சார். விளையாட்டுக்குச் சொன்னேன்," என்றார் இந்தியில்.

அதோடு விட்டாரா? சிப்பாய்களைப் பார்த்து, தேன்மெழுகு எவ்வளவு, தேங்காய் எண்ணெய் எவ்வளவு, எந்தப் பதத்தில் அடுப்பிலிருந்து இறக்க வேண்டும் என்று மைதானமே கேட்கும்படி ஒப்பித்தார். உஸ்தாதின் ஆட்கள் இரண்டு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். பிறகு ஒவ்வொரு தோட்டாவாக எடுத்து நுனியைக் கடித்துக் காட்டினார். ஐந்தாவதில் உதடு, பல், நாக்கு எல்லாம் கரி. அந்த முகத்தைப் பார்த்துப் பெரியவர் சிரித்துவிட்டார். அவர் கடித்தார், மற்றவர்களும் கடித்தார்கள். சாயங்காலம் மருந்துத் தோட்டாக்கள் நிரப்பிய துப்பாக்கிகள் வரிசையாக முழங்கின. மைதானமே புகையில் மறைந்தது.

திரும்பும்போது ரயிலில் நான் மாமாவோடு பேசவில்லை. தாதரில் இறங்கியதும் கொட்டித் தீர்த்தேன். "சொன்னது நானு. நீங்க சொன்னதா சொல்லிட்டீங்க. என்கிட்டச் சத்தியம் வாங்கிட்டு நீங்களே ஊருக்கெல்லாம் சொல்லிட்டீங்க!"

அதன்பின் ஒரு மாதம் அவர் முகத்தை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மருந்துப் பெட்டியை வைத்துக்கொண்டு விளையாட்டுப் பேச்சு பேசுகிறவரை நம்ப முடியாது என்று கம்பெனி அடுத்த படத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டது. மாமா மறுபடி உஸ்தாதின் பெட்டிகளைத் தூக்கப் போனார். அம்மா மூலையில் உட்கார்ந்து அழுததும் என் காதில் விழுந்தது. மாமாவுக்கு நன்றாக வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் வேலை முடிந்து வந்தவர், தோளைத் தடவிக்கொண்டே என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"தப்புதான் மருமவளே. ஒம் பேரத்தான் சொல்லிருக்கணும். மன்னிச்சிரு."

நான் உடனே இறங்கி வந்துவிடவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தேன். இனிமேல் இப்படிச் செய்யக் கூடாது என்று சொல்லி, அவரைப் பெரிய மனதோடு மன்னித்தேன்.