கை வீசாத நடை

நோயுற்ற உடலை நோகாமல் கொண்டு சேர்ப்பது அருளுடைமையின் ஒரு கூறு. நான்கு மாடி மருத்துவமனை ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகளாக அதைச் செய்துவரும் பெண்மணியை எல்லோரும் ஸ்ட்ரெச்சர் அக்கா என்றே அழைப்பர். வயிற்றில் தையலோடு கிடப்பவரையும் முனக விடாமல் தள்ளிச் செல்வார்.

இவ்வாண்டு நிர்வாகம் ஊழியர் நலம் பேண முனைந்தது. எல்லோர் மணிக்கட்டிலும் ஸ்மார்ட் வாட்ச் ஏறியது. மாதமுடிவில் நடைக் கணக்கில் கடைசியாக நிற்பவர் காலை ஷிப்டை இழந்து மாலை ஷிப்டுக்கு மாற்றப்படுவார் என்று விதி செய்தனர். பக்கவாதத்திலிருந்து எழுந்த அக்காவின் கணவர் மாலைதோறும் மனைவியின் தோளைப் பற்றித்தான் நடை பழகிவந்தார். மாலையில் அக்கா வீட்டில் இல்லாவிட்டால் அந்த நடையும் இல்லை.

வாட்சோ கை வீசினால்தான் அடியை எண்ணியது. இரு கையாலும் ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பற்றியவரின் கை எப்படி வீசும்? நாள் முழுதும் நடந்து ஓய்ந்தவருக்கு அது காட்டியது ஆயிரத்து நூறு. போதாக்குறைக்கு, ‘வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள், எழுந்து நடங்கள்’ என்று அதிர்ந்து அதிர்ந்து அறிவுரை வேறு.

“கால்ல கட்டிக்கிறேனே சார்,” என்று மேற்பார்வையாளரிடம் கேட்டுப்பார்த்தார்.

“மணிக்கட்டுலதான் கட்டணும், அதான் ரூல். எல்லாரும் நடக்கலையா? உங்களுக்கு மட்டும் என்னம்மா?”

“நான் நடக்காமத்தான் பேஷண்டெல்லாம் ஆபரேஷன் தியேட்டருக்குப் பறந்து போறாங்களா?”

உடனிருந்த துப்புரவுப் பெண் சிரித்தாள். “ஒரு கையால தள்ளுக்கா, இன்னொண்ண வீசு. இல்லேன்னா வாட்ச ஃபேன்ல கட்டி விடு, உலகத்தையே சுத்தி வந்துரும்!”

“ஒத்தக் கையில தள்ளினா சரிவுல வண்டி இழுத்துக்கிட்டுப் போயிரும்டி. சுவத்துல மோதினா வலி யாருக்கு?”

மாதக் கடைசி நாள். பட்டியலில் அக்காவுக்கு மேலிருந்தவரை முந்த இன்னும் அறுநூறு அடியே வேண்டியிருந்தது. ஷிப்டு முடிய அரைமணி. வெறுங்கையோடு வீசி நடக்க வராந்தாவில் காலெடுத்து வைத்தபோது, இடுப்பெலும்பு முறிந்த முதியவர் ஒருவரை ஸ்கேனுக்குக் கொண்டுசெல்ல அழைப்பு வந்தது. சரிவில் இறங்குகையில் அக்காவின் வலக்கை ஒரு கணம் கம்பியை விட்டது. வண்டி சற்றே திரும்பியது. “அம்மா!” என்றார் முதியவர். கை உடனே கம்பிக்கு மீண்டது. பிறகு அசையவே இல்லை. மணிக்கட்டில் வாட்ச் அதிர்ந்தது: எழுந்து நடங்கள்.

“நடந்துக்கிட்டுத்தான் தொலையிறேன்!” என்று பல்லைக் கடித்தார்.

மறுநாள் ஒட்டிய பட்டியலில் கடைசிப் பெயர் அவருடையதே. இனி மாலைகளில் அவர் கணவர் சுவரைப் பற்றியே நடக்க வேண்டும். அச்சுவர் அவரைத் தாங்குக. அவ்வீட்டில் எவரும் இடறாதிருக்க. தளர்ந்த கால்கள் உரம் பெறுக. இறையருள் அங்கு நீங்காது நிலைபெறுக.